செஸ் ரேட்டிங் 750-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது: எதைப் படிப்பது, எதை விடுவது?

புதுச்சிப்பாய்:

வணக்கம். காய் நகர்த்தும் விதிகள், கேஸ்லிங் (ராஜாவும் யானையும் ஒரே முறையில் நகர்வது), ஆன் பாசான் (சிப்பாயின் சிறப்பு வெட்டு) வரை தெரியும். செஸ்.காமில் 10 நிமிட ஆட்டம்தான் ஆடுகிறேன். ரேட்டிங் (ஆட்ட வலிமையைக் காட்டும் எண்) 700-க்கும் 780-க்கும் நடுவே ஏறுவதும் இறங்குவதுமாகவே இருக்கிறது. அதே தளத்தில் பசில் (ஒரு நிலையைத் தந்து சரியான நகர்த்தலைக் கேட்கும் புதிர்) ரேட்டிங் மட்டும் 1400. இத்தாலியன், லண்டன், சிசிலியன், காரோ-கான் என்று நாலு ஓப்பனிங் (ஆட்டத் தொடக்க வரிசை) மனப்பாடம் ஆகிவிட்டது. எதிராளிதான் வீடியோவில் சொன்னபடி ஆட மறுக்கிறார்!

தினம் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும். அதை எதற்கு எவ்வளவு என்று பிரிப்பது? பசிலில் 1400 எடுப்பவன் ஆட்டத்தில் ஏன் 750-லேயே நிற்கிறான்? எண்ட்கேம் (காய்கள் குறைந்த இறுதிக் கட்டம்) இப்போதே வேண்டுமா, பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

குதிரைவால்:

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டும் அதை ஒட்டித்தான் வரும்.

பசில் திரையில் வந்ததுமே "இங்கே ஏதோ இருக்கிறது" என்ற துப்பு இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. உங்கள் முறை, உங்களுக்கு நல்லது நடக்கப்போகிறது என்பதும் தெரியும். ஆட்டத்தில் அந்த மணியை யாரும் அடிப்பதில்லை. நாற்பது நகர்த்தலில் எதில் வாய்ப்பு ஒளிந்திருக்கிறது என்று நீங்களேதான் மோப்பம் பிடிக்க வேண்டும். அதோடு ஆட்டத்தில் வரும் பசில்களில் ஒரு பங்கு எதிராளிக்குச் சொந்தமானவை. அவற்றைக் கண்டுபிடிக்கும் பயிற்சி பசில் தளத்தில் கிடைப்பதில்லை. இதுதான் இடைவெளிக்குக் காரணம். தவிர, பசில் ரேட்டிங்கும் ஆட்ட ரேட்டிங்கும் வேறு வேறு அளவுகோல்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே சரியில்லை. லிச்செஸ் என்ற இன்னொரு தளத்தின் எண்ணையும் செஸ்.காம் எண்ணையும் ஒப்பிடுவதும் அப்படித்தான்.

உங்கள் ரேட்டிங்கில் பெரும்பாலான ஆட்டங்கள் முடிவாவது ஓப்பனிங்கால் அல்ல, காயை ஓசியில் தூக்கிக் கொடுப்பதால். அதைக் குறைக்க ஒரு பழக்கம் போதும். ஆனால் அதை ஒவ்வொரு நகர்த்தலுக்கும் செய்ய வேண்டும்.

எதிராளி நகர்த்தியதும் "இப்போது என்ன மாறியது?" என்று கேளுங்கள். மாறக்கூடியவை நான்கு. நகர்ந்த காய் புதிதாக எதைத் தாக்குகிறது? அது விலகியதால் பின்னால் நிற்கும் எந்தக் காய்க்கு வழி திறந்தது? அது இவ்வளவு நேரம் காவல் காத்த எதை இப்போது கைவிட்டது? போய் நின்ற கட்டத்தில் அதற்கே காவல் இருக்கிறதா? ஆரம்பநிலையில் எல்லோரும் முதலாவதை மட்டும் பார்க்கிறார்கள். இரண்டாவதைப் பார்க்காமல் விட்டு ராணியை இழக்கிறார்கள். மூன்றாவதைப் பார்க்காததால், சும்மா கிடக்கும் எதிராளியின் காயை வெட்டாமல் விடுகிறார்கள்.

அடுத்து உங்கள் நகர்த்தலைத் தேர்ந்தெடுங்கள். கையை வைப்பதற்கு முன், அதை மனதில் ஆடிவிட்டுப் பலகையை எதிராளியின் பக்கத்திலிருந்து பாருங்கள். அவருக்கு என்ன செக் இருக்கிறது, என்ன வெட்டு இருக்கிறது, என்ன மிரட்டல் இருக்கிறது, இதே வரிசையில். செக் முதலில் வருவதற்குக் காரணம், அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்; உங்கள் திட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கே நின்றுவிடும். கண்ணுக்கு அதிகம் தப்புவது பின்னோக்கி வரும் நகர்த்தல்கள்தான், அதிலும் பலகையின் மறுமூலையிலிருந்து திரும்பி வரும் பிஷப்பும் ராணியும். வேண்டுமென்றே அவற்றைத் தேடுங்கள்.

நெருக்கடியான கட்டத்தில் எல்லோருமே கவனமாகத்தான் இருப்பார்கள். காய் போவது அமைதியான நகர்த்தலில், அல்லது எதிராளியின் காய் ஒன்றை வெட்டிய கையோடு வரும் அடுத்த நகர்த்தலில்.

இந்தச் சோதனைக்கு நேரம் வேண்டும். 10 நிமிடத்தை 40 நகர்த்தலுக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு 15 விநாடி, அது போதாது. 15+10 ஆடுங்கள், அதாவது 15 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 10 விநாடி கூடுதல். 40 நகர்த்தலில் 400 விநாடி சேர்ந்து ஒருவருக்கு ஏறத்தாழ 22 நிமிடம் ஆகிறது. 3 நிமிட பிளிட்ஸ் ஆசைக்கு ஆடிக்கொள்ளலாம், பயிற்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஏற்கெனவே கைக்குப் பழகியதை மட்டுமே அதில் ஆட முடியும், தவறான பழக்கம் உட்பட.

ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம். 15+10 ஆட்டம் ஒன்றே இருவர் நேரமும் சேர்ந்து 40 நிமிடத்தைத் தின்றுவிடும். ஒருநாள் 15 நிமிடம் பசிலும் ஓர் ஆட்டமும். மறுநாள் அந்த ஆட்டத்தை அலசுவது, பசில், கொஞ்சம் எண்ட்கேம். இப்படி மாற்றி மாற்றிப் போகலாம். ஓப்பனிங் வீடியோவுக்குத் தனி நேரமே வேண்டாம்.

கட்டம்64:

மேலே சொன்னதில் எனக்கு ஒரு திருத்தம். பசிலை விட்டுவிடலாம் என்று இவர் படித்துவிடக் கூடாது. தீர்க்கும் விதத்தைத்தான் மாற்ற வேண்டும்.

முதல் நகர்த்தல் சரியாக இருக்கும் போலத் தோன்றியதும் தட்டிப் பார்ப்பதுதான் பொதுவான தவறு. சரியாக விழுந்தால் ரேட்டிங் ஏறும், கணக்குப் போடும் திறன் ஏறாது. உங்கள் 1400-ல் இந்த ஊகங்கள் எத்தனை என்று நேர்மையாக யோசியுங்கள். முழு வரிசையையும், எதிராளியின் வலுவான பதில் உட்பட, மனதில் முடித்த பிறகே முதல் காயைத் தொட வேண்டும். முதல் நகர்த்தல் சரி, இரண்டாவதை அங்கேதான் யோசித்தீர்கள் என்றால் அந்தப் பசிலை உங்கள் கணக்கில் தவறு என்றே எழுதுங்கள்.

லிச்செஸ்ஸில் பசில்கள் தலைப்பு வாரியாக, இலவசமாகக் கிடைக்கின்றன. காவல் இல்லாத காய், ஒரு நகர்த்தலில் மேட் (ராஜா தப்ப முடியாத செக்), இரண்டு நகர்த்தலில் மேட், ஃபோர்க் (ஒரே காய் இரண்டைத் தாக்குவது), பின் (பின்னால் பெரிய காய் இருப்பதால் முன்னால் நிற்பது விலக முடியாதது), ஸ்கீவர் (முன்னால் நிற்கும் பெரிய காய் விலகினால் பின்னால் நிற்பது வெட்டுப்படுவது), கடைசி வரிசை மேட். இந்த வரிசை போதும். ஒரு தலைப்பில் நாலைந்து நாள் இருந்துவிட்டு உடனே கலவைக்கு மாறுங்கள், ஏனென்றால் தலைப்பே பாதி விடையைச் சொல்லிவிடும். ஒரு பசிலுக்கு மூன்று நிமிடம், தெரியவில்லை என்றால் விடையைப் பார்க்கலாம். தவறியதைக் குறித்து வைத்து இரண்டு நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் திரும்பப் போடுங்கள்.

பின் பற்றி ஒரு நுணுக்கம், பலர் பாதிதான் தெரிந்து வைத்திருக்கிறார்கள். ராஜாவின் முன்னால் பின் ஆகி நிற்கும் காய் தன் கோட்டை விட்டு விலக முடியாது. எனவே பக்கத்துக் காய்க்கு அது காவல் நிற்பது போலத் தெரிந்தாலும் காவல் இல்லை, துணிந்து வெட்டலாம். ஆனால் அதே காய் தாக்கும் கட்டத்துக்குள் உங்கள் ராஜா மட்டும் நுழைய முடியாது. விதிப்படி அது செக்காகவே கருதப்படும்.

புதுச்சிப்பாய்:

இருவருக்கும் நன்றி. தோற்ற ஆட்டம் ஒன்றின் தொடக்கம் இது. நான் வெள்ளை. (எழுத்து பலகையின் நெடுங்கோடு, எண் குறுக்கு வரிசை.)

1. இ4 இ5 2. குதிரை எஃப்3, குதிரை சி6 3. பிஷப் சி4, பிஷப் சி5 4. கேஸ்லிங், குதிரை எஃப்6 5. குதிரை ஜி5, கேஸ்லிங் 6. குதிரை எஃப்7-ல் வெட்டு, யானை வெட்டு 7. பிஷப் வெட்டு செக், ராஜா வெட்டு.

மதிப்புப்படி குதிரை 3, பிஷப் 3, மொத்தம் 6. யானை 5, சிப்பாய் 1, அதுவும் 6. சமம்தானே? அவருடைய ராஜாவும் வெளியே வந்துவிட்டது. பிறகு ஏன் ஆட்டம் கையைவிட்டுப் போனது?

நாலாம்வரிசை:

இந்த ரேட்டிங்கில் அடிக்கடி பார்க்கும் பரிமாற்றம் இது. ஆறுக்கு ஆறு சரிதான், ஆனால் அந்த ஆறு எந்த நேரத்து ஆறு என்பதையும் பார்க்க வேண்டும்.

ஏழாவது நகர்த்தல் முடிந்ததும் பலகையை எண்ணுங்கள். உங்கள் குதிரை மூன்று முறை நகர்ந்தது, பிஷப் இரண்டு முறை. மொத்தம் ஐந்து நகர்த்தல், அந்த இரண்டு காய்களும் இப்போது பலகையில் இல்லை. கேஸ்லிங் செய்ததைத் தவிர உங்கள் படை பிறந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. கறுப்புக்கு இரண்டு குதிரைகளும் ஒரு பிஷப்பும் களத்தில் நிற்கின்றன. அவர் இழந்த யானையோ இன்னும் வேலைக்கே வராத காய். யானைக்கு வலிமை வருவது நடுவே சிப்பாய்கள் வெட்டுப்பட்டுக் கோடுகள் திறந்த பிறகுதான். ஏழாவது நகர்த்தலில் இரண்டு சிறு காய்கள் (குதிரை, பிஷப்) அதைவிட நிறையச் செய்யும்.

ராஜா வெளியே வந்தது என்கிறீர்கள். அதைத் தாக்க உங்களிடம் எது இருக்கிறது? அடுத்த நகர்த்தலில் ஜி8-க்குத் திரும்பிப் போய்விடும்.

எஃப்7 பலவீனமான கட்டம் என்று எல்லா வீடியோவிலும் சொல்வார்கள். கேஸ்லிங்குக்கு முன் அதற்கு ராஜா மட்டுமே காவல் என்பதால்தான் அப்படி. உங்கள் ஆட்டத்தில் அவர் கேஸ்லிங் செய்ததும் யானையும் காவலுக்கு வந்துவிட்டது. காரணம் போன பிறகும் விதியைப் பிடித்துக்கொண்டு ஆடியிருக்கிறீர்கள். ஐந்தாவதில் டி3 ஆடியிருந்தால் இ4 சிப்பாய்க்கும் காவல் ஆயிற்று, சி1 பிஷப்புக்கும் வழி ஆயிற்று.

எதிராளி இதே எஃப்7-க்காக ராணியோடு ஓடிவந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன், கட்டாயம் வரும். 1. இ4 இ5 2. ராணி ஹெச்5. இங்கே ராணியை விரட்டுகிறேன் என்று உடனே ஜி6 ஆடக் கூடாது. ராணி இ5 சிப்பாயைச் செக்குடன் வெட்டும், ஜி7 காலியாகிவிட்டதால் அதே மூலைக்கோட்டில் ஹெச்8 யானையும் போகும். முதலில் குதிரை சி6, இ5-க்குக் காவல். 3. பிஷப் சி4 வந்ததும் எஃப்7-ல் மேட் மிரட்டல், இப்போது ஜி6. பலர் இங்கே குதிரை எஃப்6 ஆடி ராணியைத் தாக்கிவிட்டோம் என்று நினைக்கிறார்கள், மறு நகர்த்தலில் மேட். 4. ராணி எஃப்3 என்று மறுபடி மிரட்டினால் அப்போது குதிரை எஃப்6. இனி அவர் ராணியை நகர்த்தி நேரத்தை வீணாக்குவார், நீங்கள் காய்களை வெளியே கொண்டுவருவீர்கள்.

(பிஷப்பைச் சிலர் மந்திரி என்கிறார்கள், சிலர் ராணியையே மந்திரி என்கிறார்கள். குழப்பம் வேண்டாம் என்றுதான் பிஷப் என்று எழுதினேன்.)

குதிரைவால்:

இதையொட்டி ஓப்பனிங் எவ்வளவு போதும் என்று கேட்டால்: வெள்ளையில் ஒன்று, கறுப்பில் இ4-க்கு ஒன்று, டி4-க்கு ஒன்று. வெள்ளையில் இத்தாலியன் இருக்கிறது, வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பில் இ4-க்கு இ5, டி4-க்கு டி5. சிசிலியனை இப்போதைக்குப் பெட்டியில் போடுங்கள். ஒவ்வொன்றிலும் முதல் ஐந்தாறு நகர்த்தலும், ஒவ்வொரு காயும் ஏன் அங்கே போகிறது என்பதும் தெரிந்தால் போதும். எதிராளி வழி மாறியதும் மனப்பாடம் அங்கேயே உதிர்ந்துவிடும், காரணம் தெரிந்தவர் தொடர்ந்து ஆடுவார். தோற்ற ஆட்டத்தில் ஓப்பனிங் பட்டியலைத் திறந்து நீங்கள் எங்கே விலகினீர்கள் என்று ஒரே ஒரு நகர்த்தலைக் கற்றுக்கொள்ளுங்கள். ஐம்பது ஆட்டத்தில் ஐம்பது நகர்த்தல் சேர்ந்துவிடும்.

அலசும் முறை இது. எஞ்சினை (ஆட்டத்தை அலசும் கணினி நிரல்) உடனே திறக்காதீர்கள். முதலில் நீங்களே ஆட்டத்தைத் திருப்பி ஆடி, எங்கே தடுமாறினீர்கள், எங்கே எதிராளியின் நகர்த்தல் எதிர்பாராமல் வந்தது என்று மூன்று இடங்களைக் குறியுங்கள். அப்புறம் எஞ்சின். அது காட்டும் எண்ணில் 1 என்பது ஏறத்தாழ ஒரு சிப்பாய். +0.4 ஆக இருந்தது -0.1 ஆனதற்கெல்லாம் கவலைப்பட வேண்டாம். 2-க்கு மேல் குதித்த இடங்களை மட்டும் பாருங்கள். எதிராளி செய்த தவறை நீங்கள் கண்டுகொள்ளாமல் விட்ட இடமும் இதில் சேரும். அதை யாரும் எண்ணுவதே இல்லை.

ஒவ்வொரு குதிப்புக்கும் ஒரு வரியில் காரணம் எழுதுங்கள்: "குதிரை ஃபோர்க் தெரியவில்லை", "பின்னோக்கி வந்த பிஷப்", "கடிகாரத்தில் 20 விநாடிதான் இருந்தது". பத்து ஆட்டம் முடிந்ததும் எந்தக் காரணம் அதிகம் என்று எண்ணினால், அடுத்த வாரம் எந்தத் தலைப்பில் பசில் போட வேண்டும் என்பது தானாகவே வந்துவிடும்.

மரப்பலகை:

எண்ட்கேம் பற்றி இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. 750-ல் பெரும்பாலான ஆட்டம் அதுவரை போவதில்லை என்று சொல்வார்கள். போகும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள்: ஒரு ராணி அதிகம் வைத்துக்கொண்டு ஸ்டேல்மேட் (எதிராளிக்குச் செக்கும் இல்லை, ஆட நகர்த்தலும் இல்லை, அதனால் டிரா). ஜெயித்த ஆட்டத்தில் பாதிப் புள்ளி போகிறது. மாதக்கணக்கில் படிக்க வேண்டியதில்லை, நான்கு விஷயம் போதும்.

முதலாவது, ராணியும் ராஜாவும் தனி ராஜாவுக்கு எதிராக. எந்த நிலையிலிருந்தும் அதிகபட்சம் 10 நகர்த்தலில் மேட் வரும். ராணியை எதிரி ராஜாவிலிருந்து குதிரைத் தாவல் தூரத்தில் வையுங்கள். அது எந்தப் பக்கம் நகர்கிறதோ அதே பக்கம் ராணியையும் நகர்த்துங்கள், செக்கே வேண்டாம். ராஜா தானாக ஓரத்துக்கு ஒதுங்கும். ஆனால் அது மூலைக்கட்டத்துக்குள் போனதும் இந்த வித்தையை நிறுத்திவிட வேண்டும். ராஜா ஏ8-ல் இருக்கும்போது ராணியை பி6-லோ சி7-லோ வைத்தால் செக் இல்லை, போக இடமும் இல்லை, ஸ்டேல்மேட். அந்த நேரத்தில் ராணியைச் சும்மா விட்டுவிட்டு, எதிரிக்கு ஒரு கட்டமாவது இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, உங்கள் ராஜாவை அழைத்து வாருங்கள்.

இரண்டாவது, யானையும் ராஜாவும். அதிகபட்சம் 16 நகர்த்தல். யானையால் வேலி போடுங்கள், ராஜாவைக் கொண்டுவாருங்கள், இரண்டு ராஜாக்களும் நேருக்கு நேர் நிற்கும்போது மட்டும் செக். எதிரி ராஜா நேருக்கு நேர் வர மறுத்தால் யானையை அதே வரிசையில் ஒரு கட்டம் தள்ளிக் காத்திருங்கள். காரணமில்லாத செக்குகள் அதை வேலிக்கு வெளியே விட்டுவிடும்.

மூன்றாவது, சதுர விதி. தனியாக ஓடும் சிப்பாயை எதிரி ராஜா பிடிக்குமா என்று நகர்த்தல் எண்ணாமலே தெரிந்துகொள்ளலாம். வெள்ளைச் சிப்பாய் ஏ4-ல் என்றால் அங்கிருந்து ஏ8 வரை ஒரு பக்கம், அதே அகலத்தில் இ4, இ8. கறுப்பு ராஜா இந்தச் சதுரத்துக்குள் இருந்தால், அல்லது தன் முறையில் உள்ளே நுழைய முடிந்தால், பிடித்துவிடும். எஃப்4-ல் இருந்து கறுப்பு நகர்த்த வேண்டியிருந்தால் பிடிக்கும். வெள்ளை நகர்த்த வேண்டியிருந்தால் சதுரம் சுருங்கிவிடும், பிடிக்காது. சிப்பாய் இன்னும் இரண்டாம் வரிசையிலேயே இருந்தால் மூன்றாம் வரிசையில் இருப்பதாக நினைத்துச் சதுரம் போடுங்கள், இரட்டைத் தாவல் இருக்கிறதே.

நான்காவது, ராஜாவும் ஒரு சிப்பாயும் தனி ராஜாவுக்கு எதிராக. இங்கே ராஜாதான் முன்னால் போக வேண்டும், சிப்பாய் பின்னால். வெள்ளை ராஜா ஆறாம் வரிசையில், சிப்பாய் அதற்கு நேர் பின்னே ஐந்தாம் வரிசையில் என்றால் யார் முறையாக இருந்தாலும் வெற்றி. சிப்பாயை அவசரமாக முன்னே தள்ளுவதுதான் பொதுவான தவறு. கடைசிக் கட்டத்துக்கு ஒரு சுருக்கம்: சிப்பாய் ஏழாம் வரிசைக்குச் செக் கொடுக்காமல் வந்தால் வெற்றி, செக் கொடுத்து வந்தால் டிரா. தற்காக்கும் பக்கத்தில் நீங்கள் இருந்தால், பின்வாங்க வேண்டியபோது நேர் பின்னே வாங்குங்கள். வெள்ளை ராஜா இ5, சிப்பாய் இ6, உங்கள் ராஜா இ7 என்றால் இ8 மட்டுமே டிரா. டி8-க்கோ எஃப்8-க்கோ போனால் தோல்வி. ஏன் என்று பலகையில் காய் வைத்து இரு பக்கமும் ஆடிப் பார்த்துவிடுங்கள், பத்து நிமிட வேலை.

இந்த நான்காவது விஷயம் ஏ, ஹெச் கோட்டுச் சிப்பாய்களுக்குப் பொருந்தாது. தற்காக்கும் ராஜா மூலைக்கு வந்துவிட்டால் டிரா. அந்தச் சிப்பாயோடு ஒரு பிஷப் கூடுதலாக இருந்தாலும், அது ராணியாகும் மூலையின் நிறத்தில் ஓடாத பிஷப் என்றால் அதுவும் டிராதான்.

பிஷப்பும் குதிரையும் சேர்ந்து மேட் செய்வதைக் கற்றுக்கொள்ள ஆசை வரும். இப்போது வேண்டாம், அந்த நிலை வருவதே அபூர்வம்.

புதுச்சிப்பாய்:

அருமை, ஏ8 ஸ்டேல்மேட் இரண்டு முறை நடந்திருக்கிறது! இன்னும் இரண்டு கேள்விகள். 100 ரேட்டிங் குறைந்தவரிடம் தோற்றால் பின்னோக்கிப் போகிறேன் என்று அர்த்தமா? நேரில் நடக்கும் போட்டிக்குப் போக இது போதுமா?

கட்டம்64:

முதலாவதுக்கு: ஈலோ (ரேட்டிங் கணக்கிடும் முறை) கணக்குப்படி 100 அதிகம் உள்ளவருக்கு எதிர்பார்க்கும் பங்கு சுமார் 64 சதவீதம்தான், 200 அதிகம் என்றால் சுமார் 76. ஆக 100 குறைந்தவரிடம் மூன்றில் ஒரு பங்கு புள்ளி போவது இயல்பு. தினமும் எண்ணைப் பார்க்காமல் முப்பது ஆட்டத்துக்கு ஒருமுறை பாருங்கள். தொடர்ந்து இரண்டு தோற்றால் அன்றைக்கு மூடிவிடுங்கள். மூன்றாவதை ஆடுவது கோபம்தான்.

மரப்பலகை:

போட்டிக்குப் போகலாம், ரேட்டிங் தேவையில்லை. ஆனால் திரையிலிருந்து மரப்பலகைக்கு மாறும்போது கண் தடுமாறும், மூலைக்கோடுகள் உடனே தெரியாது. ஒரு மாதம் முன்பிருந்தே பசில்களை நிஜப் பலகையில் வைத்துத் தீருங்கள்.

விதிகளில் சிலவற்றைத் திரை உங்களுக்குச் சொல்லித் தந்திருக்காது. ஃபிடே (சர்வதேச செஸ் கூட்டமைப்பு) விதிப்படி தொட்ட காயை ஆட வேண்டும். எதிராளியின் காயைத் தொட்டால், வெட்ட முடிந்தால் வெட்ட வேண்டும். கட்டத்தில் சாய்ந்து நிற்கும் காயை நேராக்க வேண்டுமானால் உங்கள் முறையில், தொடுவதற்கு முன் சரிசெய்வதாகச் சொல்லிவிட்டுத் தொடுங்கள். கேஸ்லிங்கை ஒரே கையால், ராஜாவை முதலில் எடுத்துச் செய்ய வேண்டும். யானையை முதலில் தொட்டால் அந்தப் பக்கம் கேஸ்லிங் கிடையாது, யானையைத்தான் ஆட வேண்டும். காய் நகர்த்திய கையாலேயே கடிகாரத்தை அழுத்த வேண்டும். நீண்ட நேர ஆட்டங்களில் விதிமீறிய நகர்த்தல் முதல் முறை என்றால் எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடும், இரண்டாவது முறை ஆட்டமே போகும். திரையில் விதிமீறல் சாத்தியமே இல்லை என்பதால், செக்கில் இருப்பதைக் கவனிக்காமல் வேறு காயை எடுத்துவிடுவது புதியவர்களுக்கு நேரும்.

நகர்த்தல்களை எழுதவும் வேண்டும். ஆடிய பிறகுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டு ஆடக் கூடாது. இதை வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முதல் சுற்றில் எழுதுவதிலேயே கவனம் போய்விடும். கைபேசியை அணைத்து, அமைப்பாளர் சொல்லும் இடத்தில் விட்டுவிடுங்கள்.